விமானக்காரனைக் கட்டிவைத்த நாள்

என் வீட்டுக்காரர் எலியாசர் பேப்பர் விற்பார், ஆனால் படிக்க மாட்டார். பழைய வேன் ஒன்று, அதன் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, பின்னால் கட்டுக்கட்டாக ‘சமவெளிக் குரல்’. தலைப்புச் செய்தியைப் பத்திரிகை ஆபீஸில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திப் பதிவு செய்து விடியற்காலையில் போனுக்கு அனுப்பிவிடுவான். அதைப் போட்டுவிட்டுத் தெருத்தெருவாக ஓட்டுவதுதான் இவருக்கு வேலை. கேட்டு வயிறு எரிந்தவர்கள் ஓடிவந்து வாங்குவார்கள்.

“உள்ளே என்னதான் போட்டிருக்கான்னு ஒரு நாளாவது பாக்கிறீங்களா?” என்று கேட்டால், “படிச்சா விக்கத் தோணாதுடி” என்பார். இருபது வருஷமாக இதே பதில். நானும் அதற்குச் சிரித்துவிட்டுப் போனவள்தான்.

நான் இந்த மலைக்காரி இல்லை. வெராக்ரூஸ் கடற்கரையில் பிறந்து, இவரைக் கட்டிக்கொண்டு மலிஞ்சே மலையடிவாரத்தில் இந்தத் தெப்போஷ்கோவுக்கு வந்தவள். இங்கே எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். நான் பேசினால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். “கடற்கரைக்காரி வாய்” என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மழைக்காலத்தின் நடுவே கொஞ்ச நாள் வானம் வாயை மூடிக்கொள்வது இங்கே வழக்கம்தான். அந்த வருஷம் மூடிய வாயைத் திறக்கவே இல்லை. மக்காச்சோளம் கதிரில் நூல் விடுகிற நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷச் சாப்பாடே இல்லை. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ரெமிஹியோ, தன் வயலில் போய் ஒவ்வொரு இலையாகப் பிரித்துப் பார்ப்பான். அவை வெயிலில் சுருட்டு மாதிரி சுருண்டு கிடந்தன. அவன் முதலில் விதைத்தது பனியில் போய், இரண்டாம் தடவை விதைத்தது இது.

மேகத்தை யாரோ விரட்டுகிறார்கள் என்ற பேச்சு இங்கே பல வருஷமாக உண்டு. மேட்டுப்பக்கம் பெரிய புரோக்கோலித் தோட்டங்கள் இருக்கின்றன. ஆலங்கட்டி விழுந்தால் புரோக்கோலி நாசமாகிவிடுமாம், அதனால் அந்த முதலாளிகள் விமானம் வைத்து மேகத்தைக் கலைக்கிறார்களாம். யார் கண்ணால் பார்த்தது என்று கேட்டால் மட்டும் ஆள் கிடைக்காது. எல்லோருக்கும் யாரோ சொன்னதாகத்தான் இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ‘சமவெளிக் குரல்’ அதை அச்சில் போட்டுவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். எங்கள் வேன் தெருவில் அலறிக்கொண்டு போனது.

“விமானம் வந்தது! மழை போனது! உங்கள் மேகத்தைத் திருடுவது யார்? தேதி வாரியாக ஆதாரம் உள்ளே!”

மதியத்துக்குள் பேப்பர் தீர்ந்துவிட்டது. வாங்காத வீடே இல்லை. சிறிய வெள்ளை விமானத்தின் படம், அது பறந்த தேதிகள். நானும் அதற்கு மேல் படிக்கவில்லை. பறந்த ஒவ்வொரு நாளும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. எல்லோரும் தங்கள் ஞாபகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அந்த விமானத்தை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். “அந்தப் பாவிகள் என் கையில கிடைச்சா உப்புக்கண்டம் போட்டிருவேன்” என்று பக்கத்து வீட்டு செனாய்தாவிடம் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மனசாரச் சொன்னேன்.

அன்று என் தம்பி லிசாந்த்ரோ சாப்பிட வருவதாக இருந்தது. எனக்கும் அவனுக்கும் பதினொரு வயசு வித்தியாசம். அம்மா மீன் சந்தைக்குப் போய்விடுவாள், அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தது நான்தான். மூன்று மாசத்துக்கு முன்னால் நில அளவை வேலை ஒன்று கிடைத்து இந்தப் பக்கம் வந்திருந்தான். “நிலத்தைப் படம் எடுக்கிறேன்க்கா” என்று போனில் சொன்னான். வரப்பில் முக்காலி போட்டுக் காமிராவோடு நிற்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கிருந்து எடுக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மாதிரி இல்லை. நிறுத்தாமல், கண்டபடி அடித்தார்கள். அப்படி அடித்தால் ஊர் முழுக்கச் சதுக்கத்துக்கு வர வேண்டும் என்று அர்த்தம். செனாய்தா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஒப்துலியா! பிடிச்சுட்டாங்க! மேகத் திருடனைப் பிடிச்சுட்டாங்க!”

“அப்படிப் போடு! நாலு சாத்தச் சொல்லு!” என்றேன் நான், கரண்டியை ஆட்டிக்கொண்டே.

“மினிபஸ்ஸை விட்டு இறங்கினானாம். சட்டையில விமானப் படம் தச்சிருக்காம். கேட்டதுக்குச் சிரிச்சுக்கிட்டே, ஆமா, நான் அந்த விமானத்துலதான் வேலை பாக்கிறேன்னு சொன்னானாம். திமிரைப் பாரேன்! கையில ஒரு பை நிறைய காஞ்ச இறாலு.”

கரண்டி என் கையிலிருந்து நழுவிக் கோழிக்குள் விழுந்தது. இந்த மலையில் காய்ந்த இறாலைப் பை நிறையத் தூக்கிக்கொண்டு வருகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். எனக்குக் காய்ந்த இறால் என்றால் உயிர்.

“செனாய்தா, அது என் தம்பிடி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. செருப்பில்லாமல் ஓடினேன்.

சதுக்கத்து மண்டபத்தின் தூணில் அவனைக் கட்டியிருந்தார்கள். மாடு கட்டுகிற கயிறு. ஒரு கண் வீங்கியிருந்தது, உதட்டில் இரத்தம். அவன் கொண்டுவந்த இறால் தரையில் மிதிபட்டுக் கிடந்தது. சுற்றிலும் ஊர். நான் கல்யாணத்துக்குப் போய் நின்ற வீடுகள், நான் பிரசவம் பார்க்கத் துணைக்குப் போன பெண்கள், அத்தனை பேரும். ரெமிஹியோ முன்னால் நின்றான். அவன் காலடியில் ஒரு பெட்ரோல் கேன் இருந்தது. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

“ஐயோ, விடுங்கடா! அது என் தம்பிடா! என் கூடப் பிறந்தவன்டா!” என்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனேன்.

“அக்கா” என்றான் லிசாந்த்ரோ.

ரெமிஹியோ என்னைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. என் மூத்த பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். அன்றைக்கு அவன் முகத்தில் அந்த ஆள் இல்லை.

“உன் தம்பியா? அப்ப நீயும் கேளு.” பேப்பரை விரித்து உரக்கப் படித்தான். “‘எங்களுக்கு மேகம் இருக்கக் கூடாது என்று விமானத்தில் பறக்கும் ஊழியர் லிசாந்த்ரோ ஒப்புக்கொண்டார்.’ பேரோட போட்டிருக்கான். இவன் வாயாலயே சொல்லியிருக்கான். இது பொய்யா? டேய், நீ சொன்னியா இல்லையா?”

“சொன்னேங்க” என்றான் லிசாந்த்ரோ. “ஆனா அது பாதிதாங்க. மேகம் இருந்தா ஏறவே மாட்டோம்னு சொன்னேன். மேகம் இருந்தா படத்துல மேகம்தான் விழும், நிலம் தெரியாதுன்னு சொன்னேன். அந்த நிருபர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாருங்க...”

“சொன்னேன்னு சொல்றான்! ஒத்துக்கிட்டான்!” என்று பின்னால் ஒருத்தன் கத்தினான். அதற்குப் பிறகு என் தம்பி சொன்ன ஒரு வார்த்தையும் யார் காதிலும் ஏறவில்லை. வானம் தெளிவாக இருக்க வேண்டும், விமானத்தின் வயிற்றில் ஓட்டை, அதில் காமிரா என்று அவன் சொல்லச் சொல்ல, ஓட்டை என்றதும் “அது வழியாத்தான் மருந்து தூவுறான்!” என்று இன்னொருத்தன் கத்தினான். அவன் வாயைத் திறக்கத் திறக்க ஆபத்துதான் கூடியது.

நான் அவர்கள் காலில் விழுந்தேன். அழுதேன். திட்டினேன். செனாய்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு “சொல்லேன்டி, இவனைப் பத்தி உனக்குத் தெரியுமே” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர்த் தலைவர் போன் பேசப் போகிறேன் என்று போனவர் போனவர்தான். தாலுகா போலீஸ் வரக் கூடாதென்று ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள். ரெமிஹியோ குனிந்து கேனின் மூடியைத் திருகினான். அந்த வாடை வந்தது.

அப்போதுதான் எலியாசரின் வேன் சதுக்கத்துக்குள் நுழைந்தது. பக்கத்து ஊருக்குப் போய்விட்டு வயல் பாதை வழியாக, எதுவும் தெரியாமல் வந்திருக்கிறார் மனுஷன். ஒலிபெருக்கியில் இன்னும் அந்தப் பாழாய்ப்போன கத்தல் ஓடிக்கொண்டிருந்தது. “விமானம் வந்தது! மழை போனது!”

ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்தேன்.

“யோவ், உள்ளே என்ன போட்டிருக்குன்னு படிச்சியா? நீ காலையிலேருந்து கூவி வித்தது என் தம்பியைய்யா! அங்க பாரு!”

அவர் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. “நான் படிக்கலையே ஒப்து” என்றார். அதை எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு வேனில் ஏறி, அந்தக் கத்தலை நிறுத்தி, ஒலிபெருக்கி மைக்கை எடுத்தேன். என்ன பேசுவதென்று எனக்கு ஒன்றும் தெரியாது. கெஞ்சத்தான் எடுத்தேன்.

ஆனால் எதிரே தோன் நிக்கனோர் நின்றார். எங்கள் ஊர் வாணக்காரர், தோன் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பெரியவர். கருமேகம் மலைக்கு மேலே கட்டும்போது, ஆலங்கட்டி விழாமல் இருக்க வானத்தைப் பார்த்து வாணம் விடுகிறவர். அதற்காக ஊர் அவருக்கு வெடிமருந்து வாங்கிக் கொடுக்கிறது. அன்று அக்குளில் ஒரு கட்டு வாணத்தை இடுக்கிக்கொண்டு, “இவனைக் காப்பாத்த அந்த விமானம் வரட்டும், ஒரே வாணத்துல இறக்கிடறேன்!” என்று குதித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

பேப்பர் ஆபீஸ்காரன் கத்துவானே, அதே ராகத்தில் ஆரம்பித்தேன். கடற்கரைக்காரி வாய், போதாததற்கு இரண்டு குழாய்.

“கேளுங்கள்! கேளுங்கள்! தெப்போஷ்கோவில் பரபரப்பு! ஆலங்கட்டியைக் கொண்டுவருவது யார்? உங்கள் ஊரிலேயே ஒளிந்திருக்கும் ஆள் யார்? தேதி வாரியாக ஆதாரம்!”

கூட்டம் திரும்பியது. மூடியைத் திருகிய கை நின்றது.

“புனித அந்தோணியார் திருநாள்! தோன் நிக்கனோர் வாணம் விட்டார்! அரை மணியில் ஆலங்கட்டி! செனாய்தாவின் பீன்ஸ் கொடி மொத்தமும் தரையோடு போனது! உண்டா இல்லையா செனாய்தா?”

“உண்டு” என்றாள் செனாய்தா, வாயில் கை வைத்துக்கொண்டு.

“யோவான் திருநாளுக்கு மறுநாள்! மறுபடியும் வாணம்! மறுபடியும் ஆலங்கட்டி! கோயில் கூரை ஓடு உடைந்தது! உண்டா இல்லையா?”

“உண்டு!” என்றது கூட்டம்.

“அவர் மகளைப் பார்க்கப் புயேப்லா போயிருந்தாரே, அந்த வாரம் வாணம் இல்லை! ஆலங்கட்டியும் இல்லை! நிக்கனோர் இருந்தால் ஆலங்கட்டி, நிக்கனோர் இல்லாவிட்டால் இல்லை! இதற்கு ஊர்ப் பணத்தில் மருந்து வேறு! அவரே ஒப்புக்கொள்கிறார்! பெரியவரே, மேகம் வந்தா நீங்க வாணம் விடுறீங்களா இல்லையா?”

“விடுறேன், அதுக்கு?” என்றார் நிக்கனோர், ஒன்றும் புரியாமல்.

“ஒத்துக்கிட்டார்!” என்று கத்தினேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது பயந்துவிட்டேன். ஏனென்றால் வேலை செய்துவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. “அட, ஆமால்ல?” என்றான் ஒருத்தன். “எனக்கு அப்பவே சந்தேகம்” என்றாள் இன்னொருத்தி. அவளுக்கு அப்பவே சந்தேகமாம்! இரண்டு பேர் நிக்கனோரின் பக்கமாக நகர்ந்தார்கள். அவர் வாணக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார்.

“ஏய், ஏய்! பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? மேகம் கறுத்தா நான் வாணம் விடுறேன். நான் விட்டா மேகம் கறுக்குது? எது முன்ன எது பின்ன? நாப்பது வருஷமா விடுறேன்டா!”

“நாப்பது வருஷமா ஆலங்கட்டியும் விழுதே!” என்றான் அந்த இரண்டு பேரில் ஒருத்தன்.

“பேதுரு திருநாளன்னைக்கு விட்டேனே, விழலையே! அதை ஏன் இவ சொல்லலை? சொல்லச் சொல்லுங்க! போன மாசத்துல மூணு தடவை விட்டு ஒண்ணும் விழலை! அதையெல்லாம் விட்டுட்டு விழுந்ததை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்றா!”

“அதைச் சொன்னா பேப்பர் விக்காது பெரியவரே” என்றேன், மைக்கில்.

நிக்கனோரின் பக்கம் நகர்ந்த இரண்டு பேரும் நின்றார்கள். மைக்கை இறக்கிவிட்டேன். இனி அது வேண்டாம்.

“நீங்க மேகத்தைப் பாத்துட்டு வாணம் விடுறீங்க. என் தம்பி வெயிலைப் பாத்துட்டுப் பறக்கிறான். வெயில் அடிச்சாத்தான் அவனுக்குப் படம் விழும். அப்ப அவன் பறக்கிற நாள்ல எப்படிய்யா மழை பெய்யும்? மழை வர்ற நாள்ல அவன் வீட்டுல கவுந்தடிச்சுப் படுத்திருப்பான். இதை அவன் அந்த நிருபர்கிட்டச் சொல்லியிருக்கான். முன்னாலயும் வெட்டிட்டு, பின்னாலயும் வெட்டிட்டு, நடுவுல இருந்ததை மட்டும் போட்டிருக்கான் அவன். பொய் ஒண்ணும் இல்லை. பொய் இருந்திருந்தா நாமளே கண்டுபிடிச்சிருப்போம்!”

பிறகு செனாய்தா, தனக்குள் பேசுகிற மாதிரி, “போன வியாழக்கிழமை நான் துணி காயப்போட்டேன். நாள் பூரா மொட்டை வெயில். விமானமே வரலை. மழையும் வரலை” என்றாள்.

“சந்தை நாளன்னைக்கும் வரலியே” என்றது ஒரு குரல்.

“என் பேத்தி பேர் வச்ச நாள்ல வரலை. அன்னைக்கும் காஞ்சுதானே கிடந்துச்சு.”

ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பேப்பரில் வராத நாளெல்லாம் ஒவ்வொரு வாயிலிருந்தும் வெளியே வந்தது. நிக்கனோரின் மனைவி முதலில் சிரித்தாள். “யோவ் கிழவா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உன்னையும் பக்கத்துத் தூண்ல கட்டியிருப்பாங்க” என்றாள். அந்தச் சிரிப்பு பரவியது. அவ்வளவு நேரம் கத்தியவர்கள் வெட்கத்தில் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ரெமிஹியோ மட்டும் சிரிக்கவில்லை. கேனைப் பிடித்தபடியே நின்றான்.

“அப்ப என் மழையை எடுத்தது யாரு?” என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் வேனை விட்டு இறங்கி அவனிடம் போனேன்.

“யாரும் எடுக்கலை ரெமிஹியோ. வரலை. அவ்வளவுதான்.”

“யாராவது எடுத்திருந்தா திருப்பி வாங்கலாம்” என்றான். மெதுவாக மூடியைத் திருகி மூடினான். அப்படியே கேன் மேல் உட்கார்ந்து முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. என் தம்பியைக் கொளுத்த வந்தவனைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, என்ன செய்ய!

நிக்கனோர் இடுப்பிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்தார். லிசாந்த்ரோ என் மேல் சரிந்தான். இவ்வளவு பெரிய ஆளை மறுபடியும் இடுப்பில் தூக்கிக்கொள்ள முடிந்தால் தூக்கியிருப்பேன். அவன் தலையைத் தடவிப் பார்த்தேன், கையைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. “அப்பாடா, அப்பாடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அடித்தவர்களில் ஒருத்தன் தரையில் கிடந்த இறாலைப் பொறுக்கிப் பையில் போட்டு நீட்டினான். மிதித்த இறாலை நான் என்ன செய்வது? வாங்கிக்கொண்டேன்.

மரத்தை அப்புறப்படுத்திவிட்டுப் போலீஸ் வந்து சேர்ந்தபோது, ஊரில் பாதிப் பேர் என் தம்பியைச் சுற்றி நின்று, மேலேயிருந்து பார்த்தால் தங்கள் எல்லைக்கல் எந்தப் பக்கம் தெரியும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “இங்க கலவரம்னு சொன்னாங்களே?” என்றார் போலீஸ்காரர். “முடிஞ்சு போச்சு” என்றேன். அவர் பெருமூச்சு விட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவருக்கும் நிம்மதிதான்.

வீட்டுக்கு வந்தோம். எலியாசர் என் பின்னாலேயே வந்து, வாசலில் தயங்கி நின்றார். “ஒப்து, நான் படிச்சிருந்தா...” என்று ஆரம்பித்தார்.

“முதல்ல என் தம்பிக்குச் சோறு. உங்களை நாளைக்கு வச்சுக்கிறேன்.”

கோழி அடியில் பிடித்திருந்தது, கரண்டியும் உள்ளேயே கிடந்தது. கருகாத பகுதியை எடுத்து வைத்தேன். லிசாந்த்ரோ தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தோர்த்தியா என்கிற சோளரொட்டியை எடுத்தான், பிட்டான், வைத்துவிட்டான். ஒரு வாய்கூட இறங்கவில்லை. தெருவில் நாய் குரைத்தாலும் திரும்பிப் பார்த்தான். உயிரோடு வந்துவிட்டான், ஆனால் இன்னும் அந்தத் தூணிலேயே நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

இருட்டுகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ரெமிஹியோ. லிசாந்த்ரோ எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். எலியாசர் குறுக்கே போய் நின்றார்.

ரெமிஹியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “இவனோட போனு” என்றான். “கூட்டத்துல எவனோ பிடுங்கிட்டான். வாங்கிட்டு வந்தேன்.” மேஜை மேல் வைத்தான். போகாமல் நின்றான்.

“உட்காருங்க” என்றான் என் தம்பி. எங்களுக்கே ஆச்சரியம். நான் காப்பி ஊற்றினேன்.

“அந்தப் படத்துல என் வயலு இருக்கா?” என்று கேட்டான் ரெமிஹியோ, காப்பியைப் பார்த்துக்கொண்டு.

லிசாந்த்ரோ போனைத் திறந்து தேடிக் கொடுத்தான். ரெமிஹியோ அதை முகத்துக்கு வெகு பக்கத்தில் வைத்துப் பார்த்தான். விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். எல்லாம் காய்ந்த தோல் நிறம். அவன் வயல், நிக்கனோர் வயல், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்கள், மலையைச் சுற்றி எங்கேயும். மேட்டில் புரோக்கோலித் தோட்டங்கள் மட்டும் நாலு சதுரம் பச்சை.

“அது ஆழ்கிணறு” என்றான் ரெமிஹியோ. “அவனுங்க தண்ணியைக் கீழேருந்து எடுக்கிறானுங்க. அது எல்லாருக்கும் தெரியும். அதை எந்தப் பேப்பரும் எழுத மாட்டான்.” இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். “எல்லாருக்குமே போயிருக்கு. நான் எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்.”

“எல்லாருக்கும்தாங்க” என்றான் லிசாந்த்ரோ.

ரெமிஹியோ தலையை ஆட்டினான். “நாளைக்குப் பஸ் வரைக்கும் நான் கூட வரேன். எவனும் கிட்ட வர மாட்டான். நாளைக்குப் பறக்கணும்ல உனக்கு?”

லிசாந்த்ரோ போனைத் திரும்ப வாங்கி, மதியத்திலிருந்து வந்து கிடந்த செய்திகளைப் பார்த்தான். பார்த்தவன் இரண்டாம் தடவை பார்த்தான்.

“இல்லைங்க. பைலட் எழுதியிருக்காரு. நாளைக்கு, நாளன்னைக்கு ரெண்டு நாளும் லீவு. அக்கா வீட்டுலயே இருன்னுட்டாரு.”

“ஏன், விமானம் ரிப்பேரா?”

“விமானம் நல்லாத்தாங்க இருக்கு. கடல் பக்கமிருந்து மேகம் வருதாம். நிறைய வருதாம். கீழே ஒண்ணும் தெரியாதாம்.”

ரெமிஹியோ அவனையே பார்த்தான். “சத்தியமாவா?”

“அவர் மேகம் விஷயத்துல தப்பு பண்ண மாட்டாருங்க. பண்ணினா எங்க உயிர் போயிரும்.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ரெமிஹியோ எழுந்தான். வாய்க்காலில் மண் அடைத்துக் கிடக்கிறது, இப்போதே வெட்டிவிட வேண்டும் என்று ஏதோ சொன்னான், யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. காப்பியைக் குடிக்காமலே வெளியே ஓடினான். தெருவில் அவன் நிக்கனோரின் கதவைத் தட்டி, “பெரியவரே, எந்திரிங்க, மம்புட்டியை எடுங்க, விமானக்காரத் தம்பி நாளைக்குப் பறக்கலியாம்!” என்று கூவியது எங்களுக்குக் கேட்டது.

எலியாசர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். லிசாந்த்ரோ தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்திருந்தான்.

“அடிப்பிடிச்ச வாடை வருதுக்கா” என்றான், வாய் நிறைய வைத்துக்கொண்டு.